தேன் பருந்துக்கு யார் பொறுப்பு?

மலாக்கா மாநிலத்தின் ஒரு துண்டு நிலம் மலாக்காவுக்கு வெளியே கிடக்கிறது. கோலா லிங்கியில் ஆற்றைக் கடந்து, நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்து, போர்ட்டிக்சன் பக்கம் போனால் தஞ்சோங் துவான் வரும். ஒரு பக்கம் நெகிரி செம்பிலான், மற்ற பக்கமெல்லாம் கடல். ஆனாலும் அந்தக் குன்றும் அதன் மேலுள்ள காடும் மலாக்காவுக்குச் சொந்தம். போர்ச்சுகீசியர் இதற்குக் கபோ ரச்சாடோ என்று பெயர் வைத்து, 16ஆம் நூற்றாண்டிலேயே கலங்கரை விளக்கம் அமைத்தார்கள். இன்று நிற்கும் கட்டடம் 1863இல் எழுந்தது. 1606இல் டச்சுக்காரர்களும் போர்ச்சுகீசியர்களும் மோதிய கடற்போர் இந்த முனையை ஒட்டித்தான் நடந்தது.

பள்ளிக்கூட வரலாறு இத்தோடு நின்றுவிடும். பறவை ஆய்வாளர்களுக்கோ இந்தக் குன்றின் கதை பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதிலும் மார்ச்சில் உச்சமாக, சுமாத்திராவிலிருந்து ஆயிரக்கணக்கான கொன்றுண்ணிப் பறவைகள் மலாக்கா நீரிணையைக் கடந்து இங்கே கரை சேர்கின்றன. சாம்பல் முகப் பருந்து, சீன வல்லூறு, ஜப்பானிய வல்லூறு, கொண்டை வைத்த சின்னக் கறுப்புப் பருந்து என்று வகை பல இருந்தாலும் பெருங்கூட்டம் தேன் பருந்துதான். சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென்கிழக்கு ஆசியாவில் கழித்துவிட்டு ஊர் திரும்பும் பறவை அது.

நீரிணை நெடுகக் கரை இருக்க, இந்தக் குன்றை ஏன் தேடி வர வேண்டும்? காரணம் வெயில். தேன் பருந்தின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. விரித்த இறக்கை ஒன்றரை மீட்டரைத் தொடும். இவ்வளவு அகலமான இறக்கையை அடித்து அடித்துப் பறந்தால் உடம்பில் சேர்த்த கொழுப்பு சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் அது வெப்பக் காற்றில் சவாரி செய்கிறது. காலை வெயிலில் தரை சூடேறும்போது அதன் மேலுள்ள காற்று இலேசாகித் தூணாக மேலே எழும். பறவை அந்தத் தூணுக்குள் இறக்கையை விரித்து வட்டமிட்டால் போதும், காற்றே தூக்கிக்கொண்டு போகும். உச்சிக்குப் போனதும் வட்டத்தை விட்டு விலகி, அடுத்த தூணை நோக்கிச் சரிந்து இறங்கும். இப்படி ஏறியும் சரிந்தும், இறக்கையை அதிகம் அடிக்காமலே நாள் முழுக்கப் பயணம் போகலாம்.

கடலுக்கு மேல் இந்த வசதி குறைவு. தண்ணீர் வெயிலை ஆழத்துக்கு இழுத்துக்கொள்கிறது. ஆவியாதலிலும் சூடு போய்விடுகிறது. பகலில் கடல் மேற்பரப்பு நிலத்தைப்போலச் சூடேறாததால் காற்றுத் தூண்கள் வலுவாக எழுவதில்லை. ஆகவே கடலில் எவ்வளவு குறைந்த தூரம் பறக்கலாம் என்பதுதான் பருந்தின் கணக்கு. சுமாத்திராவை ஒட்டிய ரூபாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையில் சுமார் 38 கிலோமீட்டர்தான். காலையில் அந்தக் கரையில் வெப்பக் காற்றைப் பிடித்து உயரம் சேர்த்துக்கொண்டு கிளம்பும் பறவைகள் முற்பகலிலிருந்து பிற்பகல் வரை இந்தக் கரைக்கு வந்தவண்ணம் இருக்கும்.

வரும் கோலத்தைக் கலங்கரை விளக்கத்தருகே நின்றால் பார்க்கலாம். முதலில் கடல் மேல் ஒரு புள்ளி. கிட்ட வரவர, உயரத்தை இழந்து, இறக்கையைக் கனமாக அடித்துக்கொண்டு வருவது தெரியும். பல பறவைகள் மர உச்சியை உரசும் தாழ்வில், நம் கண்மட்டத்திலேயே கரையேறும். தலை புறாவின் தலையைப்போலச் சிறுத்திருக்கும். பெண் பறவையானால் கண்ணில் மஞ்சள் தெரியும். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மற்றப் பருந்துகளுக்கு இருக்கும் மெல்லிய மயிர் இதற்கு இல்லை. அந்த இடத்தில் செதில்போல இறுகிய சிற்றிறகுகள் நெருக்கி அடுக்கியிருக்கும். குளவிக்கூட்டையும் தேனடையையும் கிழித்துப் புழுவைத் தின்னும் பறவைக்குக் கொட்டுக்குத் தப்ப இயற்கை கொடுத்த கவசம் இது. குன்றின் மேல் வந்ததும் சூடான காற்று கைகொடுக்கும். ஐந்தாறு பறவைகள் ஒரே தூணில் சுழலத் தொடங்கிச் சில நிமிடங்களில் கண்ணுக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும். தாமதமாக வந்தவையும் களைத்தவையும் காட்டுக்குள் இறங்கித் தங்கும். நூறு எக்டர்கூட இல்லாத அந்தக் காடு இல்லாவிட்டால், கடல் தாண்டி வந்த பறவைக்கு முதல் கரையில் ஒதுங்க இடம் இருக்காது.

இந்தப் பறவைகள் எங்கெல்லாம் போகின்றன? ஜப்பானியப் பறவையியலாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் 2003 தொடங்கித் தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். செப்டம்பரில் ஜப்பானிலிருந்து கிளம்பும் பறவை கிழக்குச் சீனக் கடலை ஒரே மூச்சில் தாண்டுகிறது. பிறகு சீனா, இந்தோசீனா, மலாயாத் தீபகற்பம் வழியாகச் சுமாத்திராவுக்கு இறங்கி, அங்கிருந்து ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் என்று பிரிகிறது. ஒரு வழிப் பயணமே சுமார் 10,000 கிலோமீட்டர். திரும்பும்போது கிழக்குச் சீனக் கடலைத் தவிர்த்துவிட்டு, கொரியத் தீபகற்பம் வரை நிலத்தின் மேலேயே சுற்றிக்கொண்டு போகிறது. காரணம் காற்று. இலையுதிர் காலத்தில் அந்தக் கடலின் மேல் சாதகமாக வீசும் காற்று வசந்தத்தில் அப்படி வீசுவதில்லை.

ஒரு பறவையின் ஓராண்டு வாழ்க்கை எத்தனை அரசாங்கங்களின் எல்லைக்குள் கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜப்பானில் காட்டைக் காப்பாற்றி, மலேசியாவில் காப்பாற்றாவிட்டால் பலன் இல்லை. மலேசியாவில் காப்பாற்றிச் சுமாத்திராவில் விட்டுவிட்டாலும் அப்படியே. நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாளுக்கு ஒரு குடும்பம் உபயம் ஏற்றுக்கொள்வதுபோல, வழியிலுள்ள ஒவ்வொரு நாடும் தன் பங்கை ஏற்றால்தான் இந்தப் பயணம் முழுமையாகும்.

அப்படிப் பங்கு பிரித்துக்கொள்ளும் உலக அமைப்பு ஒன்று நூறாண்டுக்கு மேலாக இயங்கி வருகிறது. 1922 ஜூன் 20 அன்று லண்டனில் சிலர் கூடிப் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தார்கள். அமெரிக்காவின் கில்பர்ட் பியர்சன் அதற்கு முன்முயற்சி எடுத்தார். பிரெஞ்சுப் பறவையியலாளர் ஷான் டெலாகூர் நிறுவனர்களில் ஒருவர். மலேசியப் பறவைகளைப் பற்றி 1947இல் நூல் எழுதியவரும் இவரே. சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்பதற்காகக் கொக்குகளும் பிற பறவைகளும் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்ட காலத்தின் முடிவு அது. வேட்டை ஒரு நாட்டில், விற்பனை இன்னொரு நாட்டில் என்று இருந்த வியாபாரத்தைத் தனி ஒரு நாட்டின் சட்டத்தால் தடுக்க முடியவில்லை. இந்த அமைப்புதான் 1993இல் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தலைமையகம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கிறது.

இதன் உறுப்பினர் முறை கவனிக்கத்தக்கது. தனிமனிதர்கள் நேரடியாக உறுப்பினராவதில்லை, அரசாங்கங்களும் இல்லை. ஒரு நாட்டுக்கு ஓர் அமைப்பு என்பது பொது விதி. அது அரசைச் சாராத, இலாப நோக்கற்ற, தன் நாட்டு மக்களிடையே வேர் விட்ட சங்கமாக இருக்க வேண்டும். இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் இப்படிப் பங்காளிச் சங்கங்கள் உள்ளன. இந்தியாவில் 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட களப் பறவையியல் குழு, ஜப்பானில் 1934இல் பிறந்த காட்டுப் பறவைச் சங்கம், இந்தோனேசியாவில் புருங் இந்தோனேசியா என்று பட்டியல் நீளும். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு காலத்தில் மலாயா இயற்கைச் சங்கத்தின் கிளையாக இருந்து, 1991இல் தனியாகப் பிரிந்தது.

மலேசியாவின் இடத்தில் இருப்பது மலேசிய இயற்கைச் சங்கம். 1940இல் மலாயா இயற்கைச் சங்கமாகத் தொடங்கி, அதே ஆண்டில் ஆய்விதழையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜப்பானியப் படை இறங்கியதால் எல்லாம் முடங்கிப் போய், போருக்குப் பிறகு மறுபடி எழுந்தது. தஞ்சோங் துவானில் 2000ஆம் ஆண்டு முதல் ‘ராப்டர் வாட்ச்’ என்ற பருந்துத் திருவிழாவை நடத்தி வருவதும் இந்தச் சங்கமே.

உறுப்பினராவதால் ஒரு சங்கத்துக்கு என்ன வேலை? முதல் வேலை எண்ணுவது. சுழன்றுகொண்டிருக்கும் கூட்டத்தை யாராலும் எண்ண முடியாது. ஒரே பறவையைத் திரும்பத் திரும்ப எண்ணிவிடுவோம். அதனால் உச்சியில் வட்டத்தை விட்டு வரிசையாகச் சரியத் தொடங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்று போகும்போதும் கையிலுள்ள எண்ணியை அழுத்துவார்கள். நேரம், வகை, காற்றின் திசை எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். இரண்டாவது வேலை இடங்களை அடையாளம் காண்பது. பறவைகளுக்கு இன்றியமையாதவை என்று உலக அளவில் 13,000க்கும் மேற்பட்ட இடங்களை இந்த அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. மலேசியாவுக்கான தொகுப்பை இயற்கைச் சங்கம் 2007இல் வெளியிட்டது. அதில் உள்ள 55 இடங்களில் தஞ்சோங் துவானும் ஒன்று. மூன்றாவது வேலை ஆபத்தை அளப்பது. உலகிலுள்ள ஏறக்குறைய 11,000 பறவை வகைகளில் எது அழியும் நிலையில் இருக்கிறது என்று மதிப்பிட்டு, ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலான செம்பட்டியலுக்குச் சொல்வது பேர்ட்லைஃப்தான். எட்டில் ஒரு வகை ஆபத்தில் இருக்கிறது என்பது 2022இல் அது சொன்ன கணக்கு.

தேன் பருந்து அந்த ஆபத்துப் பட்டியலில் இல்லை. நிறைய இருக்கும் பறவையை மெனக்கெட்டு எண்ணுவானேன் என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பதில் இந்தியாவில் கிடைத்தது. 1980களில் அங்கே வெண்முதுகுப் பாறுக் கழுகு எங்கு பார்த்தாலும் இருந்த பறவை. ராஜஸ்தானின் பரத்பூரில் பம்பாய் சங்கத்தின் விபு பிரகாஷ் அவற்றை எண்ணி வைத்திருந்தார். 1990களின் பிற்பாதியில் மறுபடி எண்ணியபோது கழுகுகள் சரிந்திருந்தன. பழைய எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் சரிவு நிரூபணமானது. மாட்டுக்கு வலி தீர்க்கக் கொடுக்கும் டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதைப் பாகிஸ்தானில் ஆய்வு செய்த குழு 2004இல் வெளியிட்டது. 2006இல் இந்தியாவும் நேப்பாளமும் பாகிஸ்தானும் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தைத் தடை செய்தன. அதற்குள் 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சும் நிலை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதுமலை, மாயாறு பக்கம் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்க இன்றும் போராடுகிறார்கள். நிறைய இருக்கும்போது எண்ணாத பறவை குறைந்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வலையமைப்பின் பலவீனத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதற்குப் போலீஸ் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. முக்கியப் பறவை இடம் என்ற பெயர் எந்த நிலத்துக்கும் சட்டப் பாதுகாப்புத் தராது. நிலம் மாநில அரசின் கையில். இன்னொரு குறை, ஆள் பலம் பரவியிருக்கும் விதம். தொப்பி இறகை எதிர்த்துப் பெண்கள் 1889இல் தொடங்கிய பிரிட்டிஷ் பறவைச் சங்கத்தில் இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மலேசியச் சங்கத்தில் சில ஆயிரம் பேர்தான். பறவை வகைகளோ பிரிட்டனைவிட இங்கேதான் அதிகம். பறவை குறைந்த நாட்டில் கண்கள் நிறைய, பறவை நிறைந்த நாட்டில் கண்கள் குறைவு. உலகளாவிய உறுப்பினர் பட்டியலை விரித்தால் தெரிகிற உண்மையான ஓட்டை இதுதான்.

இந்த ஓட்டையை அடைப்பதில் மலாக்காத் தமிழர்களுக்குத் தனி இடம் உண்டு. 1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் கித்தா நட்டார். மலாயாவின் வணிகக் கித்தாத் தோட்டத்துக்கு அதுதான் தொடக்கம். காடு கித்தாவானதும், கித்தா செம்பனையானதும் நம் மூதாதையர் கண் முன்னே, அவர்கள் கையால் நடந்தது. எந்த நிரையில் குளவிக்கூடு, எந்த ஓடையில் மீன்கொத்தி, எந்த மாதம் எந்தக் குருவி என்று பிரட்டுக்கு முன்பே எழுந்து நடந்தவர்களுக்குத் தெரியாதது குறைவு. ஆனால் அந்த அறிவு எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் ஆயர் குரோவுக்கும் பத்து பெரண்டாமுக்கும் குடிபெயர, பெரியவர்களோடு அதுவும் போய்க்கொண்டிருக்கிறது.

தோட்டத்துக்கும் பறவை அறிவியலுக்கும் உள்ள உறவுக்குக் கூகையே சாட்சி. வெள்ளை முகமும் கறுத்த கண்ணும் கொண்ட இந்த ஆந்தை ஒரு காலத்தில் மலாயாத் தீபகற்பத்தில் மிக அரிது. 1968இல் ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில்தான் அது கூடு கட்டியது முதலில் பதிவானது. செம்பனை பரவ எலி பெருகியது. எலியைத் தேடிக் கூகையும் பரவியது. அது தின்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எலி என்று ஆய்வுகள் காட்டியதும், தோட்ட நிர்வாகங்கள் கம்பத்தின் மேல் பெட்டிகளைக் கட்டி வைக்கத் தொடங்கின. பழம் வெட்டப் போகிறவர் அந்தக் கம்பத்தின் கீழே குனிந்து பார்த்தால் கட்டை விரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். கூகை செரிக்காமல் கக்கியவை. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலி மயிருக்குள்ளே சின்ன மண்டையோடும், மஞ்சள் பூத்த முன்பல்லும், கால் எலும்பும் வரும். மண்டையோடுகளை எண்ணினால் அது என்ன தின்றது என்ற கணக்கு கிடைத்துவிடும். கூரையில் ஆந்தை அலறினால் சாவு விழும் என்று பயந்த லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே இந்த ஆராய்ச்சி நடந்தது.

எலிக்கு மருந்து வைப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. இரத்தம் உறையாமல் தடுத்து எலியைக் கொல்லும் மருந்துகளில் இரண்டாம் தலைமுறை வகை வீரியம் மிக்கது. எலியின் ஈரலில் நெடுநாள் தங்கும். அந்த எலியைத் தின்ற கூகையும் சாகும். இப்படிக் கூகைகள் சரிந்தது 1980களிலேயே மலேசியத் தோட்டத்தில் பதிவாகியிருக்கிறது. கூகை செத்தால் எலிக்குக் கொண்டாட்டம், மருந்துச் செலவு இன்னும் ஏறும். பரத்பூர்க் கழுகுக்கும் செம்பனைக் கூகைக்கும் நேர்ந்தது ஏறக்குறைய ஒன்றே. மனிதன் ஓர் உயிருக்குக் கொடுத்தது, உணவு வழியாக வேறோர் உயிரைக் கொன்றது.

மருந்து வைத்த மறுவாரம் பெட்டிக்குக் கீழே செத்துக் கிடக்கும் பறவையை முதலில் பார்ப்பவர் தோட்டத் தொழிலாளிதான். கேம்பிரிட்ஜில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வேண்டுமானால் இடையில் ஒரு சங்கிலி வேண்டும்: தொழிலாளி, ஊர்ப் பள்ளி, நாட்டுச் சங்கம், உலக அமைப்பு. மேலே உள்ள இரண்டு கண்ணிகளும் தயாராக இருக்கின்றன. மலேசிய இயற்கைச் சங்கம் கல்வி அமைச்சோடு சேர்ந்து பள்ளிகளில் ‘கெலாப் பென்சிந்தா ஆலாம்’ என்ற இயற்கை மன்றங்களை நடத்துகிறது, தமிழ்ப்பள்ளியும் தொடங்கலாம். பறவைகளைப் பதியும் இபேர்ட் செயலியில் கணக்குத் திறக்கக் காசு வேண்டாம். பார்த்த நாள், இடம், வகை, எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒழுங்காகப் பதிந்தால் அது அறிவியல் சான்றாகிவிடும்.

ஆகவே மெர்லிமாவ், ஜாசின், டுரியான் துங்கல், புலாவ் செபாங், மஸ்ஜிட் தானா பக்கத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, மழை இல்லாத நாளாகப் பார்த்து, பிள்ளைகளைத் தஞ்சோங் துவானுக்கு அழைத்துப் போங்கள். பத்து மணிக்குள் குன்றேறிவிடுங்கள். ஓர் இருநோக்கியும் நோட்டுப் புத்தகமும் போதும். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயர்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும் பள்ளியில் மன்றம் தொடங்குங்கள், சங்கத்தில் சேருங்கள். உலகப் பட்டியலில் மலேசியாவுக்கு ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்துக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கு வரம்பு கிடையாது.